மார்பு எக்ஸ்ரேயில் சி.ஆர்., டி.ஆர். படத்தரத்தை ஒப்பிடுவது எப்படி

சி.ஆரில் (கேசட்டில் எடுத்து, பிறகு ரீடரில் படிக்கும் முறை) எடுத்த மார்புப் படம் ஒன்றையும் டி.ஆரில் (டிடெக்டரே படத்தை நேரடியாகக் கணினிக்குத் தரும் முறை) எடுத்தது ஒன்றையும் அருகருகே வைத்து எது நல்ல படம் என்று கேட்டால், விளிம்புகள் எடுப்பாகத் தெரியும் படத்தின் பக்கம்தான் கை போகும். அந்த எடுப்பை டிடெக்டர் தந்ததா, மென்பொருள் பூசியதா, கூடுதலாகக் கொடுத்த கதிர் தந்ததா என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஒப்பீடு என்பதே இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வேலை. கதிரளவைச் சமமாக்காமல் செய்யும் எந்த ஒப்பீடும் எந்தக் கருவிக்கு அதிகக் கதிர் கொடுத்தோம் என்பதை மட்டுமே சொல்லும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வது

சி.ஆர். கேசட்டுக்குள் இருப்பது யூரோப்பியம் கலந்த பேரியம் ஃபுளோரோஹாலைடு பூசிய பிளேட். கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரீடரில் சிவப்பு லேசர் பட்டதும் நீல ஒளியாக விட்டுவிடும். தூள் பூச்சு என்பதால் லேசர் உள்ளே சிதறும். பூச்சைத் தடிப்பாக்கினால் கதிர் அதிகம் பிடிபடும், ஆனால் படம் மங்கும். இந்த இழுபறியிலிருந்து சி.ஆருக்கு விடுதலை இல்லை. ஊசி ஊசியாக வளர்த்த சீசியம் புரோமைடு பிளேட்டுகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. அவற்றைச் சாதாரண சி.ஆரோடு ஒரே வரிசையில் சேர்க்கக் கூடாது.

டி.ஆர். என்ற ஒரே பெயருக்குள் பல சாதிகள் உண்டு. சீசியம் அயோடைடு படிகத்தை அமார்ஃபஸ் சிலிக்கான் தகட்டின் மேல் வளர்த்தது ஒன்று. இதன் ஊசிகள் ஒளியைக் குழாய்போல நேராகக் கீழே இறக்குவதால் படலம் தடிப்பாக இருந்தாலும் கூர்மை அவ்வளவாகக் குறையாது. அதே சிலிக்கான் தகட்டில் காடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு தூளை ஒட்டியது இன்னொன்று. விலை குறைவு, முறுக்குத் தாங்கும், ஆனால் தூளுக்கே உரிய சிதறல் திரும்பவும் வந்துவிடும். மூன்றாவது, கதிரை ஒளியாக்காமல் நேரே மின்னூட்டமாக்கும் அமார்ஃபஸ் செலீனியம். லென்ஸ் வைத்த சி.சி.டி. கேமரா வகையும் உண்டு. திரையில் எழும் ஒளியில் சிறு பங்குதான் லென்ஸ் வழியாக உள்ளே போகும் என்பதால் இரைச்சல் அங்கேயே கூடிவிடும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விற்பனைக் கையேட்டில் டிடெக்டரின் திறனாகப் போடும் டி.க்யூ.இ. எண் (விழுந்த கதிரின் தகவலில் எவ்வளவு படத்தில் தங்குகிறது என்பது) பெரும்பாலும் ஆர்.க்யூ.ஏ. 5 என்ற கதிர்த்தரத்தில், அதாவது சுமார் 70 கிலோவோல்ட் (கே.வி.) குழாய் மின்னழுத்தத்தில் அளந்தது. மார்பு எக்ஸ்ரே எடுப்பதோ 110 முதல் 125 கே.வி.யில். செலீனியம் இதற்கு நல்ல உதாரணம்: மேமோகிராமின் குறைந்த கே.வி.யில் கொடிகட்டிப் பறக்கும் பொருள், 120 கே.வி.யில் கதிரில் பெரும்பங்கைப் பிடிக்காமல் நழுவ விட்டுவிடும். எனவே ஆர்.க்யூ.ஏ. 9 கதிர்த்தரத்தில் அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 40 மி.மீ. அலுமினியம் வைத்துச் சுமார் 120 கே.வி.யில் அளப்பது அது. இரண்டு கருவிகளுக்கும் அதே கதிர்த்தரத்து எண் கிடைக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம்.

பிக்சல் அளவைப் பற்றிய வாதமும் பெரும்பாலும் வீண். பிக்சல் இடைவெளி 200 மைக்ரான் என்றால் மில்லிமீட்டருக்கு 2.5 கோட்டு இணை (ஒரு கோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்தது) வரை பதிவாகும். 139 மைக்ரான் என்றால் 3.6, 100 மைக்ரான் என்றால் 5. ஐரோப்பிய ஆணையம் 1996-இல் வெளியிட்ட தர வழிகாட்டி மார்புப் படத்தில் தெரிய வேண்டியதாகக் குறிப்பிடும் மிக நுண்ணிய கோடு 0.3 மி.மீ. இதற்குக் கணக்குப்படி மில்லிமீட்டருக்கு 1.7 கோட்டு இணை போதும். தவிரவும், சி.ஆரில் 100 மைக்ரானில் படித்தாலும் லேசர் சிதறல் அந்தக் கூர்மையைத் தின்றுவிடும். கோப்பு பெருப்பதுதான் மிச்சம்.

கருவியைத் தயார் செய்வது

முடிந்தால் ஒரே எக்ஸ்ரே குழாயில், ஒரே தாங்கியில் இரண்டு டிடெக்டரையும் மாற்றி மாற்றி வைத்து எடுங்கள். அது முடியாவிட்டால் இரண்டு குழாய்களின் கே.வி.யையும் அரைமதிப்புத் தடிப்பையும் (கதிரைப் பாதியாக்கும் அலுமினியத் தடிப்பு) அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். தூரம் 180 செ.மீ., மொத்த வடிகட்டல் குறைந்தது 3 மி.மீ. அலுமினியத்துக்குச் சமம், எக்ஸ்போஷர் நேரம் 20 மில்லிசெகண்டுக்குள். இந்த நேரக் கணக்கை அலட்சியம் செய்யக் கூடாது. நேரம் நீண்டால் இதயத் துடிப்பே அருகிலுள்ள இரத்தக் குழாய்களை மங்கலாக்கும், பழி டிடெக்டர் மேல் விழும்.

கதிர் போதும் என்றதும் தானே நிறுத்தும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு எம்.ஏ.எஸ்.ஸை (குழாய் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) கையால் வையுங்கள். அதன் கதிர் உணரி ஒரு டிடெக்டருக்கு ஏற்றபடி அளவிட்டு வைத்தது. பிளேட்டை மாற்றினால் அது தரும் கதிர் அந்தப் பிளேட்டுக்குப் பொருந்தாது.

டி.ஆர். பக்கம், சோதனைக்கு முன் பிக்சல்களின் உணர்திறன் வேறுபாட்டைச் சமன்செய்யும் கெயின் அளவீட்டையும் பழுதுபட்ட பிக்சல் வரைபடத்தையும் புதுப்பியுங்கள். பேனலை முன்கூட்டியே இயக்கி, தயாரிப்பாளர் சொன்ன நேரம் வரை சூடேற விடுங்கள். சி.ஆர். பக்கம், ஒரே பிளேட்டை எல்லாச் சோதனைக்கும் பயன்படுத்துங்கள். ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த பிளேட் என்றால் முதலில் அழித்துவிடுங்கள். இயற்கைக் கதிரே அதில் புள்ளி வைத்திருக்கும். எக்ஸ்போஷருக்கும் ரீடரில் நுழைப்பதற்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் சரியாக 5 நிமிடம் இருக்கட்டும். பிளேட்டில் பதிந்த படம் காத்திருக்கக் காத்திருக்கக் கரைந்துகொண்டே போகும். ஒன்றை உடனே படித்து, மற்றொன்றைச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு படித்தால், அளப்பது தொழில்நுட்பத்தை அல்ல, காத்திருப்பை.

கதிரளவைச் சமமாக்குவது

டிடெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டுத் தகடு) இல்லாமல் டோஸ்மீட்டரை வைத்து, 120 கே.வி.யில், குழாய் முகப்பில் வடிகட்டி மாட்டி, எவ்வளவு எம்.ஏ.எஸ்.ஸுக்கு எத்தனை மைக்ரோகிரே (கதிரளவின் அலகு) வருகிறது என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து திரும்பி வரும் சிதறல் கணக்கைக் கெடுக்கும் என்பதால் மீட்டரைச் சற்று முன்னே தள்ளி வைத்து, தூரத்தின் வர்க்கத்தால் திருத்துவது நல்லது. 150 செ.மீ.யில் அளந்ததை 180 செ.மீ.க்கு மாற்ற 0.694-ஆல் பெருக்க வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து 1.25, 2.5, 5, 10 மைக்ரோகிரே என்று இரட்டித்துப் போகும் நான்கு படிகளைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஃபிலிம் நாளின் 400 வேகப் படத்துக்கு இணையானது 2.5, 200 வேகத்துக்கு இணையானது 5.

இந்தச் சிரமம் எதற்கு, கருவி காட்டும் எக்ஸ்போஷர் எண்ணைப் பார்த்தே சமமாக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஃபூஜியின் எஸ் எண் 200 என்றால் ஏறத்தாழ 8.8 மைக்ரோகிரே, கதிரை இரட்டித்தால் எஸ் பாதியாகி 100 ஆகும், அதாவது தலைகீழ்ப் போக்கு. கோடாக் வழி வந்த எண்ணில் இரட்டிப்பு என்றால் 300 கூடும். அக்ஃபாவின் மடக்கை எண்ணில் அதே இரட்டிப்புக்கு வெறும் 0.3 கூடும். 2008-இல் வந்த ஐ.இ.சி. 62494-1 தரம் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டி, மைக்ரோகிரேயை 100-ஆல் பெருக்கிய எண் என்று வரையறுத்தது, 2.5 மைக்ரோகிரே என்றால் 250. ஆனால் அந்த வரையறை 70 கே.வி.யை ஒட்டிய கதிர்த்தரத்துக்கு மட்டுமே. 120 கே.வி.யில் சீசியம் அயோடைடும் பேரியம் பிளேட்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், இரண்டிலும் 250 காட்டினாலும் விழுந்த கதிர் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மேலும் படத்தின் எந்தப் பகுதியை மென்பொருள் கணக்கில் எடுக்கிறது என்பதைப் பொறுத்தும் இந்த எண் ஆடும். கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் கோலிமேட்டரை அகலத் திறந்தாலே மாறிவிடும்.

நோயாளி படங்களை ஒப்பிடும் கட்டத்தில் டிடெக்டரில் விழுந்த கதிர் மட்டும் போதாது. நோயாளியின் தோலில் விழுந்த அளவும் வேண்டும், கிரிட்டும் கே.வி.யும் வேறானால் இவ்விரண்டும் வெவ்வேறு திசையில் போகும்.

பதப்படுத்தாத படத்தில் செய்யும் சோதனைகள்

மருத்துவப் படங்களின் பொதுக் கோப்பு வடிவமான டைகாமில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு: பதப்படுத்துவதற்கு முன்னுள்ள மூலப் படம், திரைக்குத் தயாரான படம். இங்கே வேண்டியது மூலப் படம். அதிலும் சில சி.ஆர். கருவிகள் மடக்கை அளவில்தான் எண்ணைச் சேமிக்கும். கதிரோடு நேர்விகிதத்தில் இருக்கும்படி மாற்றிய பிறகே கணக்குப் போட வேண்டும். இதை மறந்தால் சி.ஆரின் இரைச்சல் அதிசயமாகக் குறைந்து தெரியும்.

நான்கு கதிர்ப் படிகளிலும் ஒன்றுமில்லாத வெற்றுப் படம் எடுங்கள். நடுவில் 100-க்கு 100 பிக்சல் சதுரத்தில் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் எடுத்து, சராசரியைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் சிக்னல்-இரைச்சல் விகிதம். கதிரையும் இந்த விகிதத்தையும் இரண்டு அச்சுகளிலும் மடக்கையாகப் போட்டு வரைந்தால், கதிர்த்துகள்களின் எண்ணிக்கை மட்டுமே இரைச்சலுக்குக் காரணமான டிடெக்டரில் கோட்டின் சாய்வு 0.5 வரும். தகவல் ஒளிந்திருப்பது அதிலிருந்து விலகும் இடங்களில்தான். குறைந்த கதிரில் சாய்வு 0.5-ஐ மீறிச் செங்குத்தானால் மின்னணு இரைச்சல் தலைதூக்குகிறது. பழைய பேனல்களில் இதய நிழலுக்குப் பின்னால் மணல் தெளித்ததுபோல் தெரிவதற்கு இது ஒரு காரணம். அதிகக் கதிரில் கோடு படுத்துவிட்டால் பிளேட்டின் சொரசொரப்போ, சரியாகச் செய்யாத கெயின் திருத்தமோ படத்தில் உறைந்து நிற்கிறது என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு கதிர் கொட்டினாலும் படம் மேம்படாது.

கூர்மைக்கு, 1 மி.மீ. தடிப்புள்ள டங்ஸ்டன் தகட்டின் நேரான விளிம்பைப் பிக்சல் வரிசைக்கு 1.5 முதல் 3 பாகை சாய்த்து வைத்து எடுங்கள். சி.ஆரில் லேசர் ஓடும் திசையிலும் பிளேட் நகரும் திசையிலும் கூர்மை வேறாக இருக்கும் என்பதால் இரண்டு திசையிலும் எடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து கூர்மையைக் காட்டும் எம்.டி.எஃப். வளைவும், வெற்றுப் படங்களை 256-க்கு 256 பிக்சல் கட்டங்களாக வெட்டி இரைச்சல் நிறமாலையும் கணக்கிட்டால் டி.க்யூ.இ. கிடைக்கும், ஐ.இ.சி. 62220-1-1 தரம் முழு முறையையும் சொல்கிறது. இதற்கு மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் உடனிருப்பது நல்லது. டி.க்யூ.இ. இரண்டு மடங்கு என்றால் அதே சிக்னல்-இரைச்சல் விகிதத்தைப் பாதிக் கதிரில் எட்டலாம். எந்தத் தொழில்நுட்பம் சிறந்தது என்ற கேள்விக்கு இயற்பியல் தரும் மிகச் சுருக்கமான பதில் அதுதான்.

பேய்ப்படமும் பார்த்துவிடுங்கள். ஈயத் துண்டு ஒன்றை வைத்துப் பலமான எக்ஸ்போஷர் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்து மெல்லிய வெற்று எக்ஸ்போஷர் எடுத்தால், முந்தைய ஈயத்தின் நிழல் தெரிகிறதா என்று தெரிந்துவிடும். சி.ஆரில் இது அழிக்கும் விளக்கு மங்கியதன் அடையாளம். டி.ஆரில் பேனல் இன்னும் முந்தைய படத்தை மறக்கவில்லை.

கிரிட் செய்யும் குறும்பு

நிலையான கிரிட்டின் கோடுகள் பிக்சல்களோடு மோதினால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக அலை தெரியும். கணக்கு எளிது. செ.மீ.க்கு 40 கோடு என்றால் மில்லிமீட்டருக்கு 4. 200 மைக்ரான் பிக்சல் மில்லிமீட்டருக்கு 5 மாதிரி எடுக்கும். 5-இலிருந்து 4 போக 1. அதாவது மில்லிமீட்டருக்கு 1 சுற்று என்ற தடித்த அலையாக, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் வந்து உட்காரும். செ.மீ.க்கு 70 கோடு கிரிட்டில் 7-இலிருந்து 5 போக 2. அலை நுண்ணியதாகிவிடும், மென்பொருளால் நீக்குவதும் எளிது. சி.ஆர். கேசட்டில் கிரிட் கோடுகள் லேசர் ஓடும் திசைக்கு இணையாக வந்தால் அலை கூடும் ரீடர்களும் உண்டு, குறுக்காக வந்தால் கூடுபவையும் உண்டு. கேசட்டைத் திருப்பி இரண்டு வெற்றுப் படம் எடுத்தால் ஒரே நிமிடத்தில் விடை. ஒரு பக்கம் அசையும் கிரிட், மறுபக்கம் நிலையான கிரிட் என்று வைத்து ஒப்பிட்டால் கிரிட்டைத்தான் ஒப்பிட்டதாகும்.

சி.டி.ராட் ஃபாண்டம்

நோயாளிக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் பொருள்தான் ஃபாண்டம். 265 மி.மீ. சதுரமும் 10 மி.மீ. தடிப்பும் கொண்ட அக்ரிலிக் பலகை இது. 15-க்கு 15 என்று 225 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 0.3 முதல் 8 மி.மீ. வரை விட்டமும் ஆழமும் படிப்படியாக மாறும் துளைகள். முதல் மூன்று வரிசைகளில் நடுவில் ஒரு துளை மட்டும். மற்ற கட்டங்களில் நடுவில் ஒன்றும் ஏதோ ஒரு மூலையில் இன்னொன்றும் இருக்கும். எந்த மூலை என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். மனப்பாடமும் ஊகமும் அதிகம் எடுபடாது என்பதுதான் இதன் சிறப்பு.

முன்னும் பின்னும் அக்ரிலிக் பலகைகள் சேர்த்து மொத்தம் 10 செ.மீ. ஆக்குங்கள். இரண்டு டிடெக்டருக்கும் பலகைகளின் வரிசை ஒன்றாகவே இருக்க வேண்டும். துளைப் பலகை டிடெக்டரிலிருந்து விலகினால் உருப்பெருக்கம் மாறும். ஒவ்வொரு கதிர்ப் படிக்கும் குறைந்தது மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் பலகையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி எடுங்கள், இல்லையேல் ஒரே பிக்சல்கள் ஒரே துளையின் மேல் விழுந்துகொண்டிருக்கும். குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கட்டும்.

மதிப்பெண்ணுக்கு, ஒவ்வொரு ஆழத்துக்கும் சரியாகக் கண்ட மிகச் சிறிய விட்டத்தை அந்த ஆழத்தால் பெருக்கி, பதினைந்தையும் கூட்டி, 100-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எண் பெரிதானால் படம் நல்லது. கூட்டுவதற்கு முன் அண்டைக் கட்டத் திருத்தம் உண்டு: சரியென்று சொன்ன கட்டம் நிலைக்க அதன் நான்கு அண்டைகளில் குறைந்தது இரண்டு சரியாக இருக்க வேண்டும், தவறவிட்ட கட்டத்தின் மூன்று அண்டைகள் சரியென்றால் அதையும் சரியாக்கிவிடலாம்.

ஆனால் ஒன்று. இந்தப் பலகையில் விலா எலும்பு இல்லை, இரத்தக் குழாய் இல்லை. உண்மையான மார்பில் நுரையீரல் முடிச்சு ஒன்றை மறைப்பது பெரும்பாலும் அதன் மேல் விழும் விலாவும் குழாய் நிழல்களும்தான், கதிரின் இரைச்சல் அல்ல. அதனால் சி.டி.ராடில் டி.ஆர். தெளிவாக முந்தினாலும், திறந்த நுரையீரல் பகுதியில் மருத்துவர் இரண்டுக்கும் வித்தியாசம் காணாமல் போகலாம். வித்தியாசம் தெரிகிற இடம் இதயத்துக்குப் பின்னும் நடுமார்பும் உதரவிதானத்துக்குக் கீழும். அங்கே டிடெக்டரை எட்டும் கதிர் நுரையீரல் பகுதியைவிடப் பல மடங்கு குறைவு. எனவே மார்பு உருவில் செய்த ஃபாண்டத்தில் அடுத்த சுற்று எடுக்கும்போது, போலி முடிச்சுகளில் பாதியையாவது அந்தப் பகுதிகளில் ஒட்டுங்கள்.

நோயாளி படங்கள்

ஒப்பீட்டுக்காக மட்டும் ஒருவருக்கு இரண்டாவது எக்ஸ்போஷர் கொடுப்பது அறநெறிக் குழு அனுமதி இல்லாமல் செய்யத் தகாதது. தொடர் சிகிச்சையில் முன்பு சி.ஆரிலும் இப்போது டி.ஆரிலும் எடுத்தவர்களின் படங்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எடையும் மார்புத் தடிப்பும் ஒத்த இணைகளாகச் சேருங்கள். வார்டில் படுத்தபடி 100 செ.மீ. தூரத்தில் கிரிட் இல்லாமல் எடுத்த சி.ஆர். படத்தையும், அறையில் நிற்கவைத்து எடுத்த டி.ஆர். படத்தையும் ஒருபோதும் இணை சேர்க்காதீர்கள். இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் மோசடி இதுதான், பெரும்பாலும் தெரியாமல் நடப்பது.

முதலில் நிலைப்பாடு சரியா என்று வடிகட்டுங்கள்: மூச்சை முழுக்க இழுத்து, முன்பக்க விலா 6 அல்லது பின்பக்க விலா 10 உதரவிதானத்துக்கு மேல் தெரிய வேண்டும், முதுகெலும்பின் முள்முனை இரு காறை எலும்புகளின் நடுவில் இருக்க வேண்டும், தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகியிருக்க வேண்டும். இவற்றில் தவறிய படத்தை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். தேறியவற்றில் கேட்க வேண்டியவை டிடெக்டர் சார்ந்தவை: ஓரம் வரை இரத்தக் குழாய்கள் கூர்மையாகத் தெரிகின்றனவா, மூச்சுக்குழலும் அதன் முதல் கிளைகளும், இதயம், பெருந்தமனி, உதரவிதானம், பக்கக் கோணங்கள் ஆகியவற்றின் விளிம்பு, இதயத்துக்குப் பின்னுள்ள நுரையீரல், இதய நிழல் ஊடே முதுகெலும்பு. ஒவ்வொன்றுக்கும் −2 முதல் +2 வரை மதிப்பெண்.

கருவியின் பெயர், எக்ஸ்போஷர் எண், ஓரத்து அடையாளம் எல்லாவற்றையும் மறைத்து, வரிசையைக் குலைத்துக் காட்டுங்கள். பழகிய ரேடியாலஜிஸ்ட் பதப்படுத்தும் பாணியை வைத்தே எது எந்தக் கருவி என்று கண்டுபிடித்துவிடுவார். அதைத் தவிர்க்க, முடிந்தால் இரண்டு மூலப் படங்களையும் ஒரே மென்பொருளில் ஒரே அமைப்பில் பதப்படுத்துங்கள். இல்லையென்றால் அறிக்கையில் டிடெக்டரும் மென்பொருளும் சேர்ந்த ஒப்பீடு என்றே எழுதுங்கள். ஐந்தில் ஒரு பங்குப் படங்களை இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டினால் ஒரே ஆள் எவ்வளவு ஊசலாடுகிறார் என்று தெரியும்.

இந்த மதிப்பெண்கள் வரிசை எண்கள். சராசரி எடுக்கும் ஆசையை அடக்குங்கள். இணைப் படங்களுக்கு வில்காக்ஸன் சோதனை போடலாம், அல்லது இரண்டு கருவிகளின் மதிப்பெண்களையும் எதிரெதிரே வைக்கும் வி.ஜி.சி. வளைவு வரைந்து அதன் கீழுள்ள பரப்பைப் பார்க்கலாம். பரப்பு 0.5 என்றால் இரண்டும் சமம்.

திரை இரண்டுக்கும் ஒன்றே. டைகாம் சாம்பல் அளவுக்கு அளவீடு செய்தது, உச்ச ஒளிர்வு சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா, அறை வெளிச்சம் 25 முதல் 50 லக்ஸ். சி.ஆர். பணிநிலையத்தின் சாதாரண மானிட்டரில் ஒன்று, ரிப்போர்ட் அறை மானிட்டரில் இன்னொன்று என்று பார்த்த ஒப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

முடிவைக் கதிரளவாக மாற்றுவது

ஒரே கதிரளவில் டி.ஆர். முந்தினால் வேலை பாதிதான் முடிந்தது. டி.ஆரின் கதிரைப் படிப்படியாக, ஒவ்வொரு முறையும் 20 விழுக்காடு குறையுங்கள். இலக்கு எக்ஸ்போஷர் எண்ணிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று சொல்லும் விலகல் எண்ணில் அது ஏறத்தாழ ஒரு படி. மூன்று படி இறங்கினால் கதிர் ஏறத்தாழப் பாதியாகும். இதை ஃபாண்டத்தில் செய்து, சி.ஆரின் வழக்கமான கதிரில் வந்த சி.டி.ராட் மதிப்பெண்ணை டி.ஆர். எந்தப் படியில் தொடுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு படி மேலே நின்று, அந்த அளவுக்கு ஆட்டோ எக்ஸ்போஷரையும் இலக்கு எண்ணையும் மாற்றி, பருத்த உடல்வாகு உள்ளவர்களின் படங்களில் இதயத்துக்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் தனியாக மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். முதலில் உடையும் இடம் அதுதான். இந்தப் படங்களின் மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். பதப்படுத்தும் மென்பொருளின் புதிய பதிப்பு வந்த மறுநாளே அவை தேவைப்படும்.